வீணே போகும் வெப்பம்

மாவடிப்பள்ளி வயல்களில் விளையும் நெல்லை அவிப்பதற்கு அதன் உமியே எரிபொருளாகிறது. இந்தச் சிக்கனம் நம் வைத்தியசாலைகளில் ஏன் இல்லை?

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டோம். அப்போது கைகொடுத்த டீசல் இயந்திரம், எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கையே மின்னாக்கும். எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடும் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோடும் வெப்பமாய்க் கழிந்துவிடும்.

அவ்வெப்பத்தைப் பிடித்து வெந்நீர் ஆக்கலாம், குளிரும் ஆக்கலாம். வியப்பாக இருக்கிறதா? பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினாந்து காரே, வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி செய்யும் பொறியை 1859இல் அமைத்துவிட்டார். இன்றைய பொறியில், காற்றகற்றிய கலத்துள் நீர் ஆவியாகிக் குளிரை விளைக்கிறது. மண்பானை நீர் குளிரும் அதே நியாயந்தான். அவ்வாவியை லித்தியம் புரோமைட்டு உப்புக்கரைசல் உறிஞ்சிக்கொள்ள, கழிவு வெப்பம் அதனை மீண்டும் பிரித்தெடுக்கிறது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் விபத்துச் சிகிச்சை நிலையத்தில், இந்திய – ஜேர்மன் ஒத்துழைப்பில் இம்முறை நிறுவப்பட்டது.

பிற்பகலிற் பூட்டும் பள்ளிக்கூடத்துக்கு இது ஒவ்வாது. இரவும் பகலும் மின்னும் வெந்நீரும் குளிரும் வேண்டி நிற்கும் வைத்தியசாலையே இதற்குரிய இடம். டீசலை நாளெல்லாம் எரித்தல் கட்டாது என்பது மெய்யே. உமியோ நம் ஊர்ப்பொருள். கல்முனைப் பகுதியில் இனி எழும் வைத்தியசாலைக் கட்டிடங்களுக்கு, வரைபடம் கீறும்போதே இயந்திர அறைக்கும் குளிரூட்டும் அறைக்கும் இடையே குழாய்க்கு வழி விடவேண்டும். சுவர் எழும்பியபின் உடைப்பது பெருஞ்செலவு.