அடிபம்பில் தண்ணி வரலையா? போர் வத்தலை, வால்வைப் பாருங்க!



"இருபது அடி அடிச்சாத்தான் தண்ணி வருது. போர் வத்திப்போச்சு போல!" என்று நாம் அலுத்துக்கொள்வோம். பல நேரம் போர் வத்தியிருக்காது. வால்வு ரப்பர்தான் தேய்ந்திருக்கும்.

இந்தியா மார்க் 2 பம்பின் சிலிண்டர் தண்ணீருக்குள் இருக்கிறது. அதில் இரண்டு வால்வுகள். கைப்பிடியை அழுத்தினால் பிளஞ்சர் ஏறும். கீழ் வால்வு திறந்து தண்ணீர் உள்ளே வரும். கைப்பிடியைத் தூக்கினால் கீழ் வால்வு மூடும். மேல் வால்வு வழியாகத் தண்ணீர் பிளஞ்சருக்கு மேலே போகும். அடுத்த அழுத்தில் வெளியே வரும்.

நாமே செய்யும் சோதனைகள்:

1. தண்ணி நல்லா வரும்வரை அடித்து, அரை மணி நேரம் விடுங்கள். மறுபடி அடித்தால் 5 அடிக்குள் வரணும். வராவிட்டால் கீழ் வால்வோ பைப்போ கசிகிறது.

2. ஒரு நிமிடத்தில் 40 முழு அடி அடித்து அளந்து பாருங்கள். 15 லிட்டராவது தேறணும். குறைந்தால் பிளஞ்சர் வாஷர் தேய்ந்திருக்கலாம்.

3. முதலில் நல்லா வந்து, அடிக்க அடிக்க நின்றுபோனால் மட்டும் நீர்மட்டத்தைச் சந்தேகப்படுங்கள்.

வால்வு மாற்ற, மார்க் 2-ல் பைப்பு முழுவதையும் மேலே இழுக்கணும். பழகாதவர்கள் தொட்டால் பைப்பு போருக்குள் விழுந்துவிடும். பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் செய்யணும். பிரித்த கையோடு ரப்பர், வாஷர் எல்லாத்தையும் புதுசா மாத்தச் சொல்லுங்கள். ஒரு உறுப்பினர் கூடவே நில்லுங்கள்.

ஊராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் "பம்பு ரிப்பேர்" என்று மட்டும் எழுதாமல், சோதனையில் கண்டதையும் எழுதுங்கள். மெக்கானிக் சரியான சாமானோடு வருவார். குடத்தோடு நாம் அலையும் நாளும் குறையும்!