போட் மெயில்

சென்னை எழும்பூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டிகளுள் ஒன்றை மக்கள் இன்றும் ‘போட் மெயில்’ என்றே அழைக்கின்றனர். வண்டி போய்ச் சேருமிடத்தில் இன்று எந்தக் கப்பலும் காத்திருப்பதில்லை. பின் ஏன் இந்தப் பெயர்?

முன்னாளில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடிவரை ரயிலில் சென்று, அங்கிருந்து கப்பலேறினர். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. எழும்பூரிலேயே கொழும்புக்குப் பயணச்சீட்டு வாங்கலாம். தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பலேறினால் சுமார் இருபது மைல் கடல். அக்கரையில் தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு ரயில். ‘இர்வின்’, ‘கோஷன்’ என்னும் கப்பல்கள் இக்கடலில் ஓடின. ‘இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ்’ என்பதே வண்டியின் முறையான பெயர்.

பாலத்தைப் பற்றி இயற்பியல் மாணவன் ஒரு சொல் சொல்லாமல் போகலாகாது. 145 கண்களுக்கு நடுவே, கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பாலம் இருந்தது. அதன் இரு கைகளின் பின்முனையிலும் எதிரெடை உண்டு. எதிரெடையின் திருப்புத்திறன் கையின் திருப்புத்திறனை ஏறக்குறையச் சமன் செய்துவிடும். ஆகவே அத்தனை இரும்பையும் சில ஆட்கள் நெம்புகோல் சுற்றியே தூக்கிவிட்டனர். நாம் ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோலைத் தொங்கவிட்டுச் செய்யும் சோதனைதான் அது!

இவ்வழியே துரைமாரும் வணிகரும் சென்றனர். ஆனால் பெருங்கூட்டம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழைகளே. தொற்றுநோய் இல்லையென்று உறுதியாகும்வரை அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி தன் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் “மண்டபம் கேம்ப்பு” என்று நிறுத்துவார். அதற்கப்பால் அவருக்கு ஊர் தெரியாது.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டுமென முடிவாயிற்று. அவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமன்று அது. இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. அன்று கடலில் மூழ்கியது போட் மெயில் என்று பலர் சொல்வர், அது தவறு. மூழ்கியது பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாசஞ்சர் வண்டி. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் சிதைந்தது. தூக்குப் பாலம் மட்டும் தப்பி நின்றது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீராயிற்று. தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை.

அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. தாயகம் திரும்பியோர் என்று ஏடுகளில் எழுதப்பட்டவர்கள், தாம் பார்த்தேயிராத தாயகத்தில் வந்திறங்கியதும் அங்கேதான். எண்பதுகளின் முற்பகுதியில், இலங்கையில் போர் மூண்ட காலத்தில், அக்கப்பலும் நின்றது.

2022 டிசம்பரில் பழைய பாலம் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தின்மீது இப்போது வண்டி ஓடுகிறது. தலைமன்னார்த் துறைக்கும் 2015 முதல் மீண்டும் ரயில் வருகிறது. இடையிலுள்ள இருபது மைலுக்குத்தான் கப்பல் இல்லை.