உயிர் காக்கும் நுண்குழல்

வாயால் உண்ட உணவு வயிற்றிற் செரித்து, குடலால் உறிஞ்சப்பெற்று, குருதியிற் கலந்து உடலை வளர்க்கின்றது. குடல் குறைபட்டுப் பிறந்த குழந்தை எங்ஙனம் உயிர் வாழும்? தாய்ப்பால் இருந்தும் பசியால் வாடி மடிவதே முற்காலத்தில் அத்தகைய குழந்தைகளின் நிலையாக இருந்தது.

உணவுச் சத்துகளை நேரே குருதியிற் செலுத்தலாம் என மருத்துவர் எண்ணினர். ஆயின், அதற்கொரு தடை இருந்தது. கைகால்களில் உள்ள சிரைகள் சிறியவை. வளர்ச்சிக்குப் போதிய சர்க்கரையும் புரதச் சத்தும் செறிந்த நீர்மம் அவற்றிற் புகுந்தால், அவை புண்பட்டு அடைபடும். இதயத்தை அடுத்துள்ள மேற்பெருஞ்சிரையோ அகன்றது. அதில் குருதி விரைந்து பாய்கின்றது. வாய்க்கால் நீரைக் கரிக்கச் செய்யும் ஒரு கூடை உப்பு, பேராற்றில் சுவை தெரியாமற் கரைவது போல, செறிந்த நீர்மம் அங்கே உடனே நீர்த்துவிடும்.

அவ்விடத்தை எட்டுவது எவ்வாறு? 1929ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் போர்ஸ்மன் தம் கைச்சிரை வழியே நீண்ட குழலொன்றை இதயம் வரை தாமே செலுத்தி, எக்ஸ் கதிர்ப் படத்தால் அதனை மெய்ப்பித்தார். அச்செயலை அன்று பலர் மதிக்கவில்லை. எனினும், 1956ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவரையும் வேறிருவரையும் சேர்ந்தது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் முதலியோர், இம்முறையால் முதலில் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கண்டனர். 1967ஆம் ஆண்டில், சிறுகுடல் பெரும்பாலும் பயனற்றுப் பிறந்த பெண்குழந்தை ஒன்று இறக்கும் நிலையில் இருந்தது. அவர்கள் அதன் கழுத்துச் சிரை வழியே நுண்குழலைப் பெருஞ்சிரையிற் சேர்த்துச் சத்து நீரைச் செலுத்தினர். குழந்தை எடை கூடி வளர்ந்தது. அது இரண்டாண்டு நிறையுமுன் மறைந்ததெனினும், அது காட்டிய வழியில் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தனர்.

இன்று மருத்துவர், குழந்தைக்கு வலி தெரியாவண்ணம் மருந்தளித்து, கேளா ஒலிக்கருவியின் திரையில் சிரையைக் காண்கின்றனர். ஊசியால் அதனைத் துளைத்து, ஊசியினூடே மெல்லிய கம்பியை நுழைத்து, கம்பியின்மேற் குழலைச் செலுத்துகின்றனர். குழலின் நுனி உரிய இடத்தில் உள்ளதா என்பதை எக்ஸ் கதிர்ப் படம் காட்டும்.

ஆயினும், உணவு செல்லும் அவ்வழியே நோய்க்கிருமியும் குருதியிற் புகக்கூடும். ஆதலின், குழலைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கைகளைத் தூய்மை செய்தல் வேண்டும். வல்லுநரின் அறிவு திறந்த வழியைக் காப்பது செவிலியரின் தூய கையே ஆகும்.