எங்கிருந்து இறக்கினீர்கள்?

மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால் அநேகமாக ஒரே வைத்தியம்தான். "ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டுடலாம் சார்." ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு மாலையில் திருப்பித் தருவார்கள். எம்எஸ் ஆபீஸ், ஃபோட்டோஷாப், ஆன்டிவைரஸ் எல்லாம் "ஃப்ரீயா" ஏறியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இதையெல்லாம் எங்கிருந்து இறக்கினீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டாக வேண்டிய கேள்வி அது. கணினியில் ஆர்வமுள்ளவர்கள் புதிது புதிதாக மென்பொருள் தேடிப் போட்டுப் பார்ப்பார்கள். அதில் தவறே இல்லை. இலவசமும் ஆபத்தல்ல. விஎல்சி பிளேயர், செவன் ஜிப், லிப்ரே ஆபீஸ், கிம்ப் போன்றவற்றை உலகமே காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறது. மென்பொருள் எந்த வழியாக நம் கணினிக்கு வந்தது என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது, நம் சட்ட உரிமையும் இருக்கிறது.

முதலில் கடைக்காரர் விஷயத்தை முடித்துவிடுவோம். விண்டோஸுடன் வாங்கிய மடிக்கணினி என்றால் அதன் உரிமத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, பெரும்பாலான நிறுவனங்கள் அந்த உரிமச் சாவியை மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே பதித்து அனுப்புகின்றன. ஃபார்மட் செய்த பிறகு அதே பதிப்பை, அதாவது ஹோம் என்றால் ஹோமையே, மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் அது தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் தேவையே இல்லை. ஆனாலும் நடப்பது என்ன? ஹோம் இருந்த இடத்தில் ப்ரோவை ஏற்றி, பென்டிரைவில் வைத்திருக்கும் "ஆக்டிவேட்டரை" ஓடவிட்டுத் தருகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் போய்த் திருட்டுப் பிரதி வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதற்கும் நம்மிடமே கூலி வாங்கிக்கொண்டு. கடைக்குக் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, எந்தப் பதிப்பு என்பதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஒப்பிடலாம்.

இந்த ஆக்டிவேட்டர்களில் என்னதான் இருக்கிறது? கேஎம்எஸ்பிகோ என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரில் உலவிய போலி நிறுவிகளுக்குள் கிரிப்ட்பாட் என்ற தகவல் திருடி இருந்ததை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. விண்டோஸும் ஆக்டிவேட் ஆகும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் கிரிப்டோ வாலட்டும் களவு போகும். கேட்ட வேலையும் நடந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கிராக் கோப்பை அடையாளம் காணப் பெரிய அறிவு தேவையில்லை. அதனுடன் வரும் குறிப்பைப் படித்தாலே போதும். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும்" என்றிருக்கும். கோப்பு, பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பாக வரும். பாஸ்வேர்டும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பூட்டும் சாவியும் சேர்த்துத் தருவானேன்? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான்.

காசு இல்லாதவர் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ் திரையின் மூலையில் எழுத்தைக் காட்டி நச்சரிக்கும், பின்னணிப் படத்தை மாற்ற விடாது. ஆனால் ஓடும், பாதுகாப்பு அப்டேட்டுகளும் வரும். உரிம நிபந்தனைப்படி அதுவும் சரியல்ல. என்றாலும் கிராக் போட்ட விண்டோஸைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. இதைவிட நேர்மையான வழி லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியை வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். தமிழில் தட்டச்சு செய்ய மட்டும் யார் யாரோ கொடுக்கும் பென்டிரைவ் மென்பொருளைப் போட்டுக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் இப்போது விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும்.

அசல் இலவச மென்பொருளைத் தேடும்போதுகூட வழி தவறிவிடலாம். தேடுபொறியில் பெயரை அடித்தால் மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். செவன் ஜிப்பின் சொந்த முகவரியில் 7 என்ற எண்ணுக்கும் ஜிப் என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு இடைக்கோடு உண்டு, கடைசியில் டாட் ஆர்க் வரும். இடைக்கோட்டை விட்டுவிட்டு டாட் காம் என்று அடித்தால் வேறு யாருடைய வாசலிலோ போய் நிற்பீர்கள். பேர்பெற்ற இடங்களும் சறுக்கியதுண்டு. 2015-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், கிம்ப் படத்தொகுப்பு மென்பொருளின் விண்டோஸ் நிறுவியில் விளம்பரச் சரக்குகளைச் சேர்த்து வழங்கியது. கிம்ப் குழு வெளிப்படையாகக் கண்டித்தது. 2017 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் 12 வரை, கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் அதிகாரபூர்வத் தளத்திலேயே நச்சு கலந்த 5.33 பதிப்பு கிடந்தது. ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் அது ஏறியது. தயாரிப்பாளரின் கையொப்பமும் அதில் ஒழுங்காக இருந்தது.

இந்தியாவில் வேறொரு கூத்தும் நடந்தது. விஎல்சியைத் தயாரிக்கும் வீடியோலேன் அமைப்பின் இணையதளம் 2022 பிப்ரவரி வாக்கில் இங்கே முடக்கப்பட்டது. முன்னறிவிப்பு இல்லை, காரணமும் சொல்லவில்லை என்பது அந்த அமைப்பின் புகார். இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையுடன் அக்டோபரில் சட்ட அறிவிப்பு அனுப்பினார்கள். நவம்பரில் தடை நீங்கியது. அசல் வாசல் அடைபட்ட அத்தனை மாதமும் விஎல்சி வேண்டியவர்களுக்குக் கண்ட கண்ட பதிவிறக்கத் தளங்களே கதி. இணையதளத்தை முடக்குவது பாதுகாப்பு நடவடிக்கை என்று எப்போதும் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இறக்கிய கோப்பைத் திறக்கும் முன் சோதிக்க எளிய வழிகள் உண்டு. கோப்பின் மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸுக்குள் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கையொப்பம் இல்லாத எல்லாமே கெட்டதல்ல. செவன் ஜிப்பே நெடுங்காலம் கையொப்பமின்றித்தான் வந்தது. அடுத்து வைரஸ்டோட்டல். கோப்பை அங்கே ஏற்றினால் ஐம்பது, அறுபது ஆன்டிவைரஸ்களின் கருத்தை ஒரே பக்கத்தில் காட்டும். ஆனால் ஏற்றிய கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். ஆகவே ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்றவற்றை அங்கே ஏற்றாதீர்கள். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் சாண்ட்பாக்ஸ் வசதியை இயக்கி, சந்தேகமான மென்பொருளை அதற்குள் ஓட்டிப் பார்க்கலாம். மூடியதும் எல்லாம் அழிந்துவிடும். விங்கெட் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. மென்பொருளின் பெயரைச் சொன்னால் சரிபார்த்த பட்டியலிலிருந்து இறக்கி நிறுவும்; தேடுபொறி விளம்பரத்துக்கு அங்கே வேலையில்லை. கணினி தொடங்கும்போது என்னென்ன ஒளிந்து ஓடுகிறது என்று பார்க்க ஆட்டோரன்ஸுக்கு இணை இல்லை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது அது. 2006 முதல் மைக்ரோசாஃப்ட் வசம் இருக்கிறது, இலவசம்தான்.

இவ்வளவும் செய்து, அல்லது செய்யாமல், கெட்டது உள்ளே வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். தகவல் திருடி என்றால் பலர் செய்யும் தவறு, அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுவது. மாற்றிய பாஸ்வேர்டும் திருடனுக்குப் போய்விடும். கணினியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதோடு "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியையும் அழுத்துங்கள். இது மிக முக்கியம். பிரவுசரில் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் அடையாளத்தையே, அதாவது குக்கீயையே, இவை களவாடுவதால் ஓடிபிகூட இல்லாமல் உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும். லுமா என்ற ஒரே ஒரு தகவல் திருடி, 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

கோப்புகள் பூட்டப்பட்டு, பணம் கேட்டு மிரட்டல் வந்தால் உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பூட்டிய கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில் குறிப்பையும் மாதிரிக் கோப்பையும் கொடுத்தால், மீட்கும் கருவி இருக்கிறதா என்று சொல்லும். காசு கேட்காது. கிராக் மென்பொருள் வழியாகவே பெரும்பாலும் பரவும் ஸ்டாப் என்ற ரான்சம்வேரின் 148 வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. புதிய வகைகள் பலவற்றுக்கு அது பலிக்காது. ஆனால் ஸ்டாப் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டுகிறது. அதனால் பெரிய வீடியோக்களையும் ஜிப்புக்குள் இருக்கும் படங்களையும் ஓரளவு மீட்டுவிட முடிகிறது. அவசரப்பட்டு ஃபார்மட் செய்தவருக்கு இந்த வாய்ப்பும் போச்சு.

திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, கூடவே ஒரு ஃபோன் எண், "மைக்ரோசாஃப்ட் உதவி மையம்" என்ற பெயர் என்று வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் பிழைச் செய்திகளில் ஃபோன் எண் ஒருபோதும் இருக்காது. எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வந்து பிரவுசரை மூடினால் முடிந்தது கதை. அந்த எண்ணுக்குப் பேசி, எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டு மென்பொருளை நீங்களே நிறுவிக் கொடுத்தால்தான் அவர்களால் எதுவும் செய்ய முடியும்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்து, வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிகள் இங்கே உங்கள் பக்கம். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, மூன்றாம் நபரிடம்தான் என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே கிடையாது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. புகார் செய்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரையான நஷ்டம் உங்களுடையது. அதன்பிறகு போவது வங்கியின் தலையில். "நீங்கள் கிராக் போட்டதால்தான்" என்று வங்கி வாதிடலாம். ஆனால் வாடிக்கையாளரின் தவறை நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கே என்று அந்த விதிகள் சொல்கின்றன.

அதிகம் பேர் அறியாத இன்னொரு வாசலும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில், அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தவரிடமோ வைரஸ் புகுத்தியவரிடமோ இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை விசாரிப்பவர் தீர்வு அதிகாரி. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே அந்தப் பொறுப்பில் இருக்கிறார். 2010-இல் தமிழ்நாட்டின் தீர்வு அதிகாரி, போலி மின்னஞ்சலில் ஏமாந்து பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தரும்படி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார்.

பதிப்புரிமைச் சட்டம் நம்மை மிரட்டுவதற்கு மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். மிரட்டல் உண்டு: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார நோக்கமில்லாத உபயோகம் என்றால், தகுந்த காரணத்தைப் பதிவு செய்து, சிறையின்றி 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாகப் பெற்ற மென்பொருளைப் பாதுகாப்புக்காக நகலெடுத்து வைக்கவும், அது எப்படி இயங்குகிறது என்று ஆராயவும் சோதிக்கவும் உரிமை தருகிறது. ஆர்வலர்களுக்கு இது பெரிய சொத்து. முறையான பிரதி வைத்திருப்பவருக்குத்தான் இது உண்டு.

அசல் விண்டோஸ் என்று சொல்லி விலை வாங்கிக்கொண்டு கிராக் போட்டுத் தந்த கடைக்காரர் மீது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்று புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போனால் போதும். கையில் பில் இருந்தால் வாதம் பலமாகும். ஆகவே அடுத்த முறை கணினியை வாங்கும்போதோ சர்வீஸுக்குக் கொடுக்கும்போதோ, எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, உரிமம் உண்டா என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.