6 சட்டமன்றத் தொகுதி, 4 எம்.பி.: புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி எங்கே போச்சு?

அறந்தாங்கிக்காரர் ஒருவர் தன் எம்.பி.யைப் பார்க்கணும்னா அவர் தேட வேண்டியது ராமநாதபுரம் எம்.பி.யை. ஆலங்குடிக்காரருக்கு சிவகங்கை எம்.பி. விராலிமலைக்காரருக்கு கரூர் எம்.பி. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையில் இருப்பவருக்கு திருச்சி எம்.பி. நாலு பேரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். ஒரே ஆட்சியர், ஒரே மாவட்ட நீதிமன்றம். ஆனா மக்களவையில் மட்டும் நாலு திசை.

2009 வரை நிலைமை இப்படி இல்லை. 'புதுக்கோட்டை' என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் இருந்து 2004 வரை 14 தேர்தல்களைச் சந்தித்த தொகுதி அது. அந்தத் தொகுதியின் கதை என்ன? அங்கிருந்து டெல்லி போனவர்கள் யார்? அது ஏன் கலைக்கப்பட்டது? பார்க்கலாம்.

சமஸ்தானத்தில் இருந்து தொகுதி வரை

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என மூன்று தாலுகாக்கள். 'அம்மன் காசு' என்று சொந்த நாணயமே இருந்தது. 1902-இல் பிரதிநிதிகள் சபை ஒன்றும், 1924-இல் சட்டசபை ஒன்றும் இங்கே அமைக்கப்பட்டன. அதிகாரம் மன்னர் கையில்தான் இருந்தது என்றாலும், சபை, உறுப்பினர், கேள்வி என்பதெல்லாம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக புதுக்கோட்டை, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாக மட்டுமே இருந்தது. திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இருந்து பகுதிகளைப் பிரித்து புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சமஸ்தானம் போய், மாவட்டம் வருவதற்கு இடைப்பட்ட அந்த 26 ஆண்டுகளில் 'புதுக்கோட்டை' என்ற பெயரை டெல்லியில் தாங்கி நின்றது மக்களவைத் தொகுதிதான். தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்ததில்லை. ஆனாலும் பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு ஓர் உறுப்பினர் இருந்தார்.

யார் யார் ஜெயிச்சாங்க?

1952 – முத்துசாமி வல்லத்தரசு (கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி)
1957 – ராமநாதன் செட்டியார் (காங்கிரஸ்)
1962 – ஆர்.உமாநாத் (இந்திய கம்யூனிஸ்ட்)
1967 – ஆர்.உமாநாத் (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்)
1971 – கே.வீரையா (திமுக)
1977 – வி.எஸ்.இளஞ்செழியன் (அதிமுக)
1980 – வி.என்.சுவாமிநாதன் (இந்திரா காங்கிரஸ்)
1984, 1989, 1991 – என்.சுந்தரராஜ் (காங்கிரஸ்)
1996 – திருச்சி சிவா (திமுக)
1998 – ராஜா பரமசிவம் (அதிமுக)
1999 – சு.திருநாவுக்கரசர் (எம்ஜிஆர் அதிமுக)
2004 – எஸ்.ரகுபதி (திமுக)

மொத்தம் 14 தேர்தல், 11 பேர். அதிக முறை ஜெயித்த கட்சி காங்கிரஸ், 5 முறை. திமுக 3, அதிமுக 2. தொடர்ந்து மூன்று முறை வென்ற ஒரே ஆள் சுந்தரராஜ்.

முதல் தேர்தலிலேயே காங்கிரஸை விட்டு வேறு கட்சிக்காரரை அனுப்பியது இந்தத் தொகுதி. 1962-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் உமாநாத் ஜெயித்தார். 1964-இல் கட்சி இரண்டாக உடைந்தபோது அவர் மார்க்சிஸ்ட் பக்கம் போனார். 1967-இல் திமுக அணியில் நின்று மறுபடியும் வென்றார். ஆள் ஒருவர்தான், தொகுதி ஒன்றுதான், கட்சிப் பெயர் மட்டும் வேறு.

காற்று வீசும் பக்கம்

1967-க்குப் பிறகு இந்தத் தொகுதிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் எந்த அணி அதிக மக்களவை இடங்களைப் பிடிக்கிறதோ, அந்த அணிக்காரரே புதுக்கோட்டையிலும் ஜெயிப்பார். 1967 முதல் 2004 வரை நடந்த 11 தேர்தல்களிலும் இதுதான் கதை.

1977-இல் அதிமுக-காங்கிரஸ் கூட்டணி அலை, அதிமுக வென்றது. 1980-இல் காங்கிரஸ் அப்படியே திமுக பக்கம் தாவியது, அந்த அணி மாநிலம் முழுக்க அள்ளியது, புதுக்கோட்டையும் காங்கிரஸுக்குப் போனது. 1984-இல் காங்கிரஸ் மீண்டும் அதிமுகவுடன் சேர்ந்தது, அப்போதும் காங்கிரஸ்தான். 1996-இல் திமுக-தமாகா அலையில் திருச்சி சிவா. 1998-இல் அதிமுக-பாஜக அணியில் ராஜா பரமசிவம். அடுத்த ஆண்டே திமுக-பாஜக அணியில் திருநாவுக்கரசர். 2004-இல் திமுக கூட்டணி மொத்தமாக வாரிச் சுருட்டியபோது ரகுபதி.

எட்டே ஆண்டில் நாலு தேர்தல், நாலு எம்.பி.க்கள். யாருக்கும் சொந்தமில்லாத தொகுதி என்று இதைச் சொல்லலாம். ஒவ்வொரு தேர்தலிலும் கட்சிகள் இங்கே வந்து வேலை பார்த்தே ஆக வேண்டிய தொகுதி என்றும் சொல்லலாம்.

கவனம் பெற்ற மூன்று பேர்

கடைசி பத்தாண்டுகளில் இங்கிருந்து போனவர்களில் மூன்று பேர் பெரிய அளவில் அறியப்பட்டவர்கள்.

திருச்சி சிவா பின்னாளில் மாநிலங்களவைக்குப் போனார். திருநர் உரிமைகளுக்காக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா அந்த அவையில் நிறைவேறுவது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல்முறை.

திருநாவுக்கரசர், அறந்தாங்கியில் இருந்து ஆறு முறை எம்.எல்.ஏ. ஆனவர். எம்ஜிஆர் அதிமுக என்று தனிக்கட்சி தொடங்கி, 1999-இல் மக்களவைக்குப் போய், வாஜ்பாய் அரசில் இணையமைச்சர் ஆனார். பிறகு கட்சியை பாஜகவில் இணைத்தார், அதன்பின் காங்கிரஸுக்கு வந்தார்.

ரகுபதி, மன்மோகன் சிங் அரசில் முதலில் உள்துறை, பிறகு சுற்றுச்சூழல் துறை இணையமைச்சர். புதுக்கோட்டை தொகுதியின் கடைசி எம்.பி. அவர்தான். மத்திய அமைச்சர் ஒருவர் கையில் இருந்தபோதே தொகுதி வரைபடத்தில் இருந்து மறைந்தது.

இந்தப் பட்டியலில் ஒரு குறையும் உண்டு. 11 பேரில் ஒரு பெண்கூட இல்லை. இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் புதுக்கோட்டை என்பதை நினைத்தால் இது உறுத்தத்தான் செய்யும்.

சரி, ஏன் கலைச்சாங்க?

2002-இல் தொகுதி மறுவரையறைச் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. மாநிலத்துக்கு எத்தனை தொகுதி என்பது மாறாது. தமிழ்நாட்டுக்கு 39 மக்களவைத் தொகுதி, 234 சட்டமன்றத் தொகுதி என்பது அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் கோடுகளை மட்டும் 2001 மக்கள்தொகைப்படி மாற்றி வரைய வேண்டும். இதுதான் வேலை. புதிய வரைபடம் 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதில் பல பழைய பெயர்கள் காணாமல் போயின. சிவகாசி போய் விருதுநகர் வந்தது. நாகர்கோவில் போய் கன்னியாகுமரி வந்தது. பெரியகுளம் போய் தேனி வந்தது. அங்கெல்லாம் பெயர் போனாலும் அதே வட்டாரத்துக்கு ஒரு வாரிசுத் தொகுதி கிடைத்தது. புதுக்கோட்டைக்கு வாரிசு கிடைக்கவில்லை, பங்கு பிரிக்கப்பட்டது. இப்போதைய கணக்கு இது:

திருச்சி தொகுதியில் – புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை (தனி)
சிவகங்கை தொகுதியில் – திருமயம், ஆலங்குடி
கரூர் தொகுதியில் – விராலிமலை
ராமநாதபுரம் தொகுதியில் – அறந்தாங்கி

மக்கள் எழுப்பும் கணக்கு

இங்கேதான் புதுக்கோட்டைக்காரர்களின் ஆதங்கம் தொடங்குகிறது. 234-ஐ 39-ஆல் வகுத்தால் 6. அதாவது ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. மறுவரையறைக்கு முன் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. குளத்தூரை நீக்கி, கந்தர்வகோட்டை, விராலிமலை என இரண்டைக் கொடுத்து ஆறாக்கியதும் இதே ஆணையம்தான். ஆறு முழுசாகக் கையில் வந்த நேரத்தில், இருந்த ஒன்று போய்விட்டது.

மக்கள்தொகையைப் பார்த்தாலும் பெரிய இடைவெளி இல்லை. 2001 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு சராசரி சுமார் 16 லட்சம் பேர். புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்போது 14.59 லட்சம் பேர்.

அப்படின்னா ஆணையம் செய்தது தவறா? அப்படி ஒரே வரியில் முடிக்கவும் முடியாது. மக்களவைத் தொகுதி மாவட்டத்துக்குள் அடங்கியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நிர்வாக எல்லை, நிலத்தின் அமைப்பு, போக்குவரத்து, மக்களின் வசதி ஆகியவற்றை முடிந்தவரை பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒரு தொகுதியின் கோட்டை நகர்த்தினால் பக்கத்துத் தொகுதியின் கோடும் நகரும், அது அதற்கடுத்ததைத் தள்ளும். நாலு பெரிய தொகுதிகளுக்கு நடுவில் இருக்கும் மாவட்டத்தில் இருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தால் சுற்றியுள்ள கணக்குகள் நேராகும். அந்த இடத்தில் இருந்தது புதுக்கோட்டை.

இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அந்த வழியும் குறுகல். ஆணையத்தின் உத்தரவு சட்டத்துக்குச் சமம், நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று 2002 சட்டமே சொல்கிறது. அரசியலமைப்பின் 329-ஆவது பிரிவும் அதே தடையைப் போடுகிறது.

எதிர்ப்பு எப்படி இருந்தது?

கோர்ட் இல்லாத இடத்தில் வாக்குச்சாவடியே போராட்டக் களமானது. 2009 மக்களவைத் தேர்தலில் '49-ஓ' போடுங்கள் என்ற பிரசாரம் புதுக்கோட்டையில் நடந்தது. வாக்குச்சாவடிக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு, 'யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை' என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கும் முறை அது. ரகசியம் கிடையாது. பூத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, வாக்கு இயந்திரத்திலேயே 'நோட்டா' பொத்தான் வந்தது. 2014 தேர்தலில் அதே கோரிக்கைக்காக நோட்டாவை அழுத்தச் சொல்லும் குரல்கள் எழுந்தன. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் முடிவு மாறாது, வேட்பாளர்களில் முதலிடம் பெற்றவரே எம்.பி.

2019-இல் ஒரு சுவாரசியம் நடந்தது. திருச்சி தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்று, நான்கரை லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர் அதே திருநாவுக்கரசர். 20 ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டை எம்.பி.யாக இருந்தவர், புதுக்கோட்டை நகரத்துக்கு மறுபடி எம்.பி. ஆனார், திருச்சி என்ற பெயரில்.

நாலு எம்.பி. இருந்தா நல்லதுதானே?

கேட்கத் தோன்றும் கேள்விதான். ஒருவருக்குப் பதில் நாலு குரல், நாலு பேரின் தொகுதி நிதி. ஒவ்வொரு எம்.பி.க்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் மேம்பாட்டு நிதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். திருச்சி தொகுதியின் ஆறில் இரண்டு புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கையிலும் ஆறில் இரண்டு. கரூரில் ஒன்று, ராமநாதபுரத்தில் ஒன்று. நாலு இடத்திலும் இந்த மாவட்டத்து வாக்காளர்கள் சிறுபான்மை. எம்.பி.யை ஜெயிக்க வைக்க உதவலாம். ஆனா 'எங்களைக் கேட்காமல் ஜெயிக்க முடியாது' என்று சொல்லும் பலம் எங்கேயும் இல்லை.

மாவட்டத்தில் மத்திய அரசுத் திட்டங்களை ஆய்வு செய்யும் 'திஷா' குழுவையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாவட்டத்தில் பல எம்.பி.க்கள் இருந்தால் ஒருவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். புதுக்கோட்டையில் அந்த நாற்காலியில் உட்காருபவர் யாராக இருந்தாலும், அவருடைய தொகுதியின் பெரும்பகுதி மாவட்டத்துக்கு வெளியில்தான் இருக்கும்.

பிரச்னைகளும் தொகுதிக் கோடு பார்த்து வருவதில்லை. 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் எழுந்தது, அது சிவகங்கை தொகுதிப் பக்கம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் அது ராமநாதபுரம் எம்.பி.யின் கணக்கு. 2021-இல் பணிகள் தொடங்கிவைக்கப்பட்ட காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய் மாவட்டத்தின் குறுக்கே போகிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்து 'புதுக்கோட்டையின் பிரச்னை' என்று எழுந்து பேச மக்களவையில் ஒரு நாற்காலி இல்லை.

இனி என்ன?

2001-இல் நிறைவேறிய 84-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை மாற்றாமல் நிறுத்தி வைத்தது. அடுத்த மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டில் பேசப்படுவது ஒரே கேள்வி: நமக்கு 39 நிலைக்குமா, குறையுமா?

அது முக்கியமான கேள்விதான். ஆனால் 2008-இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றும் 39, இன்றும் 39. அப்படியிருந்தும் ஒரு மாவட்டம் தன் எம்.பி.யை இழந்தது. எத்தனை இடம் என்று சண்டை போடும்போதே, உள்ளே கோடு எங்கே விழுகிறது என்பதையும் பார்க்கணும். வரைவு வெளியாகி, மக்களிடம் ஆட்சேபணை கேட்கும் அந்தச் சில வாரங்களில் பேசினால்தான் உண்டு. கோடு விழுந்த பிறகு எவ்வளவு பேசினாலும் அடுத்த மறுவரையறை வரை காத்திருக்க வேண்டும் என்பதற்கு புதுக்கோட்டையே சாட்சி.