நிலப்படத்தில் முளைத்த இலைகள்

தூரத்திலிருந்து பார்த்தால் செடி. கொத்துக் கொத்தாகத் தொங்கும் பெரிய இலைகள். பக்கத்தில் போனால் இலைமேல் எழுத்துகளும் கரையோரக் கோடுகளும் தெரியும். பிலிப்பைன்ஸ் நிலப்படங்களை வெட்டிச் செய்த காகித இலைகள் அவை. செய்தவர் ரயன் வில்லமேல், 1987-இல் பிறந்த பிலிப்பைன்ஸ் கலைஞர். 2016-இல் சிங்கப்பூர் பினாலேயில் (இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழா) இது காட்சிக்கு வந்தது. பெயர் 'லோகஸ் அமீனஸ்'. லத்தீனில் 'இனிய இடம்'.

காகிதம் வெட்டுவதெல்லாம் கலையா என்று தோன்றலாம். ஓவியர் சேர்த்துக்கொண்டே போகிறார். பிடிக்காவிட்டால் மேலே இன்னொரு பூச்சு. வெட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. எடுத்தது எடுத்ததுதான்.

பழைய நிலப்படங்களைப் பாழாக்கினாரா? இல்லை, நகல்களைத்தான் வெட்டினார். ஸ்பெயின் ஆட்சிக் காலத்திலிருந்து அமெரிக்க ஆட்சிக் காலம் வரை வரையப்பட்டவை அவற்றில் உண்டு. ஒரு நாட்டை ஆள நினைப்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அதன் நிலப்படம். அதை இலையாக்கிவிட்டால் வழி கண்டுபிடிக்கவோ எல்லை பிரிக்கவோ உதவாது. எனக்கு இந்தக் குறும்பு பிடித்திருக்கிறது.

எந்தச் செடி? மான்ஸ்டெரா. இப்போது நம் வீட்டு வரவேற்பறைகளிலும் தொட்டியில் நிற்கிறதே, ஓட்டை விழுந்த பெரிய இலை, அதுதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். ஸ்பெயின் மணிலாவை நெடுங்காலம் மெக்சிகோ வழியாகவே ஆண்டது. மணிலாவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே சுமார் 250 ஆண்டுகள் கப்பல்கள் போய்வந்தன. ஆகவே செடியும் கதையில் ஒரு பாத்திரம். இலையில் துளை விழும் இடத்தில் நிலப்படத்தின் ஒரு துண்டு போய்விடுகிறது: கடலோ, தீவோ, யாருடைய ஊரோ.

சரி, இப்படி ஒன்றை நேரில் எப்படிப் பார்ப்பது? இது நிறுவல் கலை (ஓர் இடத்தையே படைப்பாக்கி, உங்களை உள்ளே நடக்கவிடுவது). ஓவியத்தின் முன் நிற்பதுபோல் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். கீழே போய் அண்ணாந்து பாருங்கள், பக்கவாட்டில் பாருங்கள், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் இதைக் கண்ணாடி சூழ்ந்த பகுதியில் பசுமைக்குடில்போல வைத்திருந்தார்கள். குளிர்நாட்டார் வெப்பநாட்டுச் செடிகளை வளர்க்கக் கட்டிய கண்ணாடிக் கூடு, வெயில் கொளுத்தும் ஊரில் எதற்கு? அந்த முரண் இடத்தில் இருக்கிறது, இலையில் இல்லை. புகைப்படத்தில் மட்டும் பார்ப்பவருக்கு அது எளிதில் பிடிபடாது.

பெயர்ப்பலகையில் 'எதனால் செய்யப்பட்டது' என்ற வரியை விடாமல் படியுங்கள். பாதிப் புதிர் அங்கேயே அவிழும். தொட மட்டும் வேண்டாம், காகிதம் தாங்காது.

வீட்டிலும் முயலலாம். உங்கள் மாவட்ட நிலப்படத்தை அச்செடுத்து, அதன்மேல் மான்ஸ்டெரா இலை ஒன்றை வரைந்து வெட்டுங்கள். உங்கள் ஊர் துளையில் போகாமல் இலையை வரைய எத்தனை தாள் வீணாகிறது என்று பாருங்கள்.