தூரத்துக்குப் பாடிய குரல்

ஓய்வு பெற்ற பின்னரும், கிளிநொச்சியில் என் வீட்டு மாமரத்தின் கீழ் மாலை வேளைகளில் மாணவர் சிலருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒருநாள் ஔவையாரைப் பற்றிய பாடம். பாடத்தோடு சுவையும் சேரட்டும் என்றெண்ணி, கே. பி. சுந்தராம்பாள் பாடிய பாட்டொன்றைக் கைத்தொலைபேசியில் தேடியெடுத்து, முன்னால் இருந்த மாணவனிடம் கொடுத்தேன். அவன் இயர்போனைக் காதில் மாட்டி அரை நிமிடம் கேட்டான். பின்பு கழற்றிவிட்டு, "சேர், இவ பாடுறாவோ, கத்துறாவோ?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சினம் மூண்டது. இரசனை கெட்ட காலம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அன்றிரவு அமைதியாக எண்ணிப் பார்த்தபோது, அச்சிறுவனின் குற்றச்சாட்டு புதியதன்று என்பது நினைவுக்கு வந்தது. 1953ஆம் ஆண்டில், சென்னை இராச்சியத்தின் முதலமைச்சராய் இருந்த மூதறிஞர் ஒருவரும் ஏறக்குறைய அதையே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆகவே, சிறுவனைக் கண்டிப்பதற்கு முன் விஷயத்தை ஆராய்வதே முறை என்று துணிந்தேன். அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

கலையுலகை விட்டு ஒதுங்கிய ஒருவர் மீண்டும் வரும்போது இரண்டு மன்றங்களின் முன் நிற்கிறார். ஒன்று விமர்சகர் மன்றம். மற்றொன்று இரசிகர் மன்றம். இரண்டின் தீர்ப்பும் ஒன்றாக அமைவது அரிது. சுந்தராம்பாள் ஒருமுறை அன்று, பலமுறை ஒதுங்கிப் பலமுறை மீண்டவர். எனவே இவ்வுண்மையை ஆராய்வதற்கு அவரினும் சிறந்த எடுத்துக்காட்டு தமிழில் இல்லை எனலாம்.

கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்திற் பிறந்து, சிறுமியாய் இருக்கும்போதே நாடக மேடை ஏறியவர் அவர். நம் நாட்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 1920களில் நாடகமாட இலங்கை வந்திருந்தபோதுதான், கொழும்பில் செங்கோட்டைக் கிட்டப்பாவைச் சந்தித்தார். மேடையில் வள்ளியும் வேலனுமாய்ப் பாடிய இருவரும் வாழ்விலும் இணைந்தனர். அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைக் கதர்ப் புடவையே இனித் தம் உடை என்றும், ஆண் நடிகர் எவரோடும் இணைந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டு ஒதுங்கினார்.

முதன்முறை அவர் மீண்டு வந்தது 1935ஆம் ஆண்டில், 'நந்தனார்' பேசும்படத்தில். ஆணோடு சேர்ந்து நடிப்பதில்லை என்றவர், தாமே ஆண் வேடம் புனைந்து நந்தனாராகத் தோன்றினார். மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக வந்தார். சுந்தராம்பாளுக்குக் கொடுத்த ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்று கேட்டு அக்காலத்தவர் மூக்கில் விரலை வைத்தனர். விமர்சகரோ மயங்கவில்லை. படத்திலே எருமையும் பனைமரமும்தான் நன்றாக நடித்தன என்ற பொருள்படக் கல்கி எள்ளி நகையாடியது, இன்றும் திரை வரலாற்றாசிரியர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் செய்தி. 1940இல் 'மணிமேகலை' வந்தது. பின்னர்த் திரையில் நெடிய மௌனம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1953இல், ஜெமினி வாசனின் 'ஔவையார்' வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம். சுந்தராம்பாளுக்கு நாற்பத்தைந்து வயது நிரம்பவில்லை. வேடமோ நரை மூதாட்டி. மக்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். ஔவை என்றதும் தமிழர் மனக்கண்ணில் அவருடைய உருவமே எழும்படி ஆயிற்று. ஆனால் படத்தைப் பார்த்த இராஜாஜி, இதைவிட டி. கே. சண்முகத்தின் ஔவையார் நாடகம் ஆயிரம் மடங்கு மேல் என்றும், சுந்தராம்பாளின் முகக் கோணலும் கூச்சலான பாட்டும் இனிமையாக இல்லை என்றும் நாட்குறிப்பில் எழுதினார். இத்தனை பணம் செலவழித்து எடுத்ததை வெளிப்படையாகக் கண்டிப்பது எப்படி என்ற தர்மசங்கடமும் அக்குறிப்பிலே தெரிகிறது.

இராஜாஜியை இசையறியாதவர் என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. மக்களையெல்லாம் பேதையர் என்று கொள்ளலாமா? அதுவும் தகாது. அப்படியானால் இருவரில் யார் சொல் மெய்?

என் மறுமொழி இதுதான். இருவரும் மெய்யே சொன்னார்கள். ஆனால் வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்டார்கள். சுந்தராம்பாளின் தொண்டை பழகிய காலத்தில் நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசிப் பாயில் இருந்து கச்சான் கொறிப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். அதற்காகவே உச்ச சுருதியில், எழுத்தெழுத்தாய், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி பாடினார்கள். அது தூரத்துக்கென்றே செய்யப்பட்ட குரல். அதனைக் கொண்டுபோய்ப் படமாளிகையின் நான்கு சுவருக்குள் அடைத்து, இயந்திரத்தாலும் பெருக்கி, ஆளுயர முகத்தோடு அருகில் காட்டினால், நாற்காலியில் இருப்பவர் செவிக்குக் கூச்சலாகத்தானே இருக்கும்? என் மாணவனோ இன்னும் நெருங்கிச் சென்று, அக்குரலைத் தன் காதுத் துளைக்குள்ளேயே அடைத்துக் கேட்டான். அவன் வேறென்ன சொல்வான்!

வன்னியில் நாங்கள் அக்குரலை அப்படிக் கேட்கவில்லை. முகத்தைக் காண்பதற்கு நெடுநாள் முன்பே குரலைக் கேட்டோம். என் இளமையில் கோவில் திருவிழா என்றால், பனையின் உச்சியில் ஊதுகுழல் போன்ற ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். விடியுமுன்னே இசைத்தட்டுச் சுழலும். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையே வயலும் பற்றையுமாய்க் கிடந்த ஊர் அது. இரணைமடு வாய்க்காலில் முகங் கழுவுபவனுக்கும், வயற்காவற் கொட்டிலில் இரவைக் கழித்தவனுக்கும், சூடடிக்கும் களத்தில் நின்றவனுக்கும் அப்பாட்டு ஒருசேரப் போய்ச் சேரும். மற்றைய பாடகரின் குரல் பாதி வழியில் காற்றிலே கரைந்துவிடும். சுந்தராம்பாளின் சொல் மட்டும் முறியாமல் வந்து நிற்கும். அங்கே அது கூச்சலன்று, அளவான குரல்.

மின்சாரமற்ற 1990களில் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் வலுவில் கசெற் கேட்ட தலைமுறை எங்களுடையது. சுழற்றுபவன் களைத்தால் பாட்டும் களைக்கும். குரல் கீழே தொய்ந்துவிடும். சுந்தராம்பாள் உச்சத்துக்குப் போகும் இடம் வந்தால், "தம்பி, விட்டிடாதை!" என்று பெரியவர்கள் குரல் கொடுப்பார்கள். ஒருவர் பாட்டை இன்னொருவர் தோள் கொடுத்துத் தாங்கிய காலம் அது.

மூன்றாம் வருகையே முதிர்ந்த வருகை. 1964இல் 'பூம்புகார்' படத்திலே கவுந்தி அடிகளாக வந்தார். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. ஆனால் இம்முறை சினந்து மலையேறிய குழந்தைத் தெய்வத்துக்கு நயமாய் எடுத்துரைக்கும் ஔவை. உச்சம் குறையவில்லை, எனினும் உச்சத்துக்குப் போகுமுன் நின்று நிதானிக்கும் பக்குவம் வந்திருந்தது. 1969இல் 'துணைவன்' படப் பாட்டுக்காக இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. எருமையோடும் பனையோடும் ஒப்பிட்டுச் சிரித்த விமர்சனவுலகம், முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அறுபது கடந்த மூதாட்டிக்கு மாலையிட்டது.

'பூம்புகார்' முல்லைத்தீவு மக்களுக்கு வெறும் படமன்று. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து ஈழம் போந்து, பத்தாவதாகத் தங்கிய பளையே நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளை என்பது எங்கள் ஐதிகம். வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரிலே விளக்கெரியும் தலம் அது. கண்ணகியை மதுரைக்கு அழைத்துச் சென்ற கவுந்தியின் குரல் அந்நிலத்தில் ஒலித்தபோது, உறவுக்காரி ஒருத்தி வந்து செய்தி சொல்வதுபோலவே ஊரார் கேட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த 'சோல்' என்னும் இசைவகை உண்டு. அதன் முன்னோடிகளுள் ஒருவர் சொலமன் பேர்க். பிலடெல்பியாவில் 1940இற் பிறந்து, சிறு வயதிலேயே பிரசங்கம் செய்தவர். 1960களிற் புகழோடு விளங்கிப் பின்னர்ப் பலரால் மறக்கப்பட்டிருந்த அவர், 2002இல் 'டோன்ட் கிவ் அப் ஆன் மீ' என்ற இசைத்தொகுப்புடன் மீண்டார். பொப் டிலன், வான் மொரிசன் போன்றோர் எழுதிய பாட்டுகளை நான்கே நாளில், ஆடம்பரமற்ற சிறு வாத்தியக் குழுவுடன் பாடிப் பதிவு செய்தார். விமர்சகர் கொண்டாடினர், மறு ஆண்டு கிராமி விருதும் வந்தது. தயாரிப்பாளர் ஜோ ஹென்றி பழைய புகழின் ஆரவாரத்தை மீண்டும் கட்டியெழுப்ப முயலாமல், முதிர்ந்த குரலுக்கு ஏற்ற இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார் என்பதே அவ்வெற்றியின் இரகசியம். மீண்டு வரும் குரலுக்கு முதலில் வேண்டியது புகழன்று, இடம்.

அவ்விடத்தை இன்னொரு வகையிலும் நான் கண்டேன். 2008இன் கடைசியில் ஊரை விட்டுப் போன நாங்கள், செட்டிகுளத்து முகாமில் இருந்து 2010இல் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் பற்றை. கோவில் இருந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டிலும் வேலும். அவ்வாண்டு யாரோ ஒரு பழைய ஒலிபெருக்கியைத் தேடிக்கொண்டு வந்து, தலையிழந்த பனையொன்றிற் கட்டினார்கள். ஜெனரேற்றர் முனகி எழுந்தது. முதற் பாட்டு சுந்தராம்பாளுடையது. என் அருகில், போரில் இரு மக்களையும் பறிகொடுத்த ஆச்சி ஒருவர் நின்றார். பாட்டு முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், "மாஸ்டர், இந்த மனிசியும் எல்லாத்தையும் துலைச்சுப்போட்டுத்தான் பாட வந்தவ" என்றார். அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

சுருதி எப்படி, தாளம் எப்படி என்று அந்த ஆச்சி கேட்கவில்லை. விமர்சகர் மீண்டு வந்த குரலை அதன் பழைய குரலோடும், பிறர் குரலோடும் வைத்து அளக்கிறார். இரசிகரோ தம் வாழ்வோடு வைத்து அளக்கிறார். இராஜாஜியின் அளவுகோலும் நமக்கு வேண்டும். அது இல்லையேல், அழுதவையெல்லாம் கலை என்றாகிவிடும். ஆனால், எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதையும் அளப்பவர் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர்க்குக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். கேட்க வேண்டிய இடத்தைக் காட்டாமல் பாட்டை மட்டும் கையிற் கொடுத்தது என் பிழையே.

அப்பிழையைத் திருத்த முயன்றேன். அண்மையில் எங்கள் முருகன் கோவிற் கொடியேற்றத்துக்கு மறுநாள் விடியற்காலை, அம்மாணவனைக் குளக்கட்டுக்கு வரச்சொன்னேன். கோவில் ஒரு மைல் தூரத்தில் இருந்தது. பனி விலகவில்லை. சற்று நேரத்தில் நீர்ப்பரப்பைத் தாண்டி அக்குரல் வந்தது. அவன் சைக்கிளைப் பிடித்தபடி நின்று முழுவதும் கேட்டான். பிடித்ததா என்று நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் மட்டும், "சேர், ஒரு சொல்லும் தவறாமல் விளங்கினது" என்றான்.